காலியாக இருந்த கண்ணாடியின் இடம்

விமானப் பணிமனையில் அவருக்குப் பெயர் 'மறுபடி'. எதைப் பார்த்து முடித்தாலும் "மறுபடி ஒருதடவை பாத்துடறேன்" என்பார். வீட்டுப் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்க்கும் இந்த மனிதரைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி, இதுவரை எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை.

"ஜெட் இன்ஜின்னா பெரிய ஃபேன், அவ்வளவுதானே மாமா?" என்று மைத்துனர் ஒருநாள் கேட்டுத் தொலைத்தார்.

"முன்னாடி காத்தை இழுக்கும், அமுக்கும், எண்ணெயைத் தெளிச்சுக் கொளுத்தும். சூடான காத்து பின்னாடி சீறும், அந்த வேகத்துல விமானம் முன்னாடி போகும். சீறுற வழியில ஒரு சக்கரத்தையும் சுத்திவிடும். அந்தச் சக்கரம்தான் முன்னாடி ஃபேனைச் சுத்துது."

"பின்னாடி சம்பாதிக்கிறதை முன்னாடியே செலவு பண்ணுது. நம்ம குடும்பம்தான் போங்க."

இப்பேர்ப்பட்ட மாவீரனான இன்ஜினுக்குள் ஒரு திருகாணி விழுந்தால் உள்ளே சுழலும் தகடெல்லாம் நாசம். ஆகவே பணிமனைப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் வரைந்த இடம் உண்டு. எல்லா இடமும் நிரம்பினால்தான் 'மறுபடி' கையெழுத்திடுவார். கையெழுத்தில்லாமல் விமானம் நகராது.

அன்று ஒரு இடம் காலி. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியைக் காணோம்.

மேனேஜர் ஓடிவந்தார். "எங்கேயாவது கிடக்கும்யா! முந்நூறு பேர் காத்திருக்காங்க. போடு கையெழுத்தை."

"எங்கேயாவது கிடக்கும்னுதான் சார் நானும் பயப்படறேன்."

"போடலேன்னா நாளையிலேருந்து ஏணி கழுவத்தான் போவே."

"நல்லாக் கழுவுவேன் சார். ரெண்டு தடவை."

இன்ஜினைத் திறந்தார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பின், ஃபேனுக்குப் பின்னால், தகடுகளின் வாசலில் கண்ணாடி சொகுசாகச் சாய்ந்திருந்தது. இன்ஜினைச் சோதித்து முதல் தடவை பார்த்துவிட்டு வந்தபோது அது மறுபடியின் கையில் இருந்தது. இரண்டாம் தடவை பார்க்கப் போனவர்தான் அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறார். உலகத்தில் கவனத்தாலேயே கவனம் தவறிய ஒரே ஆத்மா.

மாலைக்குள் அறிக்கை தயார். 'மேனேஜரின் கூர்மையான சந்தேகத்தின் பேரில், அவரது உத்தரவுப்படி இன்ஜின் திறக்கப்பட்டது.' கண்ணாடியை விட்டது யார் என்பதில் மட்டும் பெருந்தன்மையான மௌனம்.

"உன் பேரை இழுக்கலே, பாத்துக்க. போடு" என்று மேனேஜர் அறிக்கையை நீட்டினார்.

'மறுபடி' அதை இரண்டு தடவை படித்தார். அடியில் 'கண்ணாடியை உள்ளே விட்டவன் நான்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். மேலே இருந்த மேனேஜரின் வீரத்தை அவர் தொடவில்லை. பொய்தான். ஆனால் அதில் ஏறி யாரும் பறக்கப்போவதில்லையே.