கறுப்புத் தாள்

கொக்கிரகுளத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வரும் அந்த ஓவியர், தெருமுனைக் காமிராவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படியேறுவார்.

அந்தக் காமிராவை யார் பார்க்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தார். வரிகளையெல்லாம் கறுப்படித்து ஒரு பதில் வந்தது. கண்காட்சியில் கதவளவுக்கு ஒட்டி வைக்க, அதைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கச் சொன்னார்.

"டோனர் பூராத்தையும் குடிச்சிரும் அண்ணாச்சி. இதுல வாசிக்க என்ன இருக்கு?"

"அதத்தான் வே நானும் நாலு வருசமா கேக்கேன்" என்றார் அலுப்போடு.

மறுநாள் மப்டியில் வந்த போலீஸ்காரர் ஒருவர், ஓவியர் என்ன நகல் எடுத்தார் என்று விசாரித்தார். சரியாக விழாமல் ஒதுக்கிய கறுப்புத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். இருபுறமும் புரட்டிப் பார்த்தவர், கவனமாக மடித்து எடுத்துப்போனார்.

சிரிப்பார் என்று நினைத்துத்தான் இதை ஓவியரிடம் சொன்னேன். அவரோ பெருமூச்சு விட்டு, என் பேனாவை வாங்கி, போலீஸ் கொண்டுபோன அந்தத் தாளுக்கு நகல் கேட்டு அங்கேயே இன்னொரு தகவல் உரிமை மனு எழுத ஆரம்பித்தார்.