டீச்சர் கம்பியில் நீல லுங்கி

வானத்தை நம்பி வேலை பார்க்கிறவங்க எங்க சங்கரன்கோவில் பக்கம் ரெண்டு வகை: மானாவாரிக் காட்டுல உளுந்து விதைக்கிறவங்க, சிற்றலை ரேடியோவுல மெயில் அனுப்புற என்னை மாதிரி ஆளுங்க. அமெச்சூர் ரேடியோக்காரங்க இதுக்குப் பைசா வாங்கக் கூடாது. ஏச்சு எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கலாம். மொட்டை மாடியில ஆன்டெனாக் கம்பி கட்டி, வீட்டுலயும் தெருவுலயும் பேச்சு வாங்கின மக்களே, இது உங்களுக்குத்தான்.

எனக்குப் பிழைப்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பைத்தியம் ரேடியோ. லேப்டாப்பையும் ரேடியோவையும் ஒரு சின்ன டப்பா வழியா இணைச்சுட்டா, நான் அடிக்கிறது கீ, கர்ர்னு சத்தமாகி வானத்துல போகும். நெட் இருக்கிற ஏதோ ஒரு ஊர்ல இன்னொரு ரேடியோ அதைப் பிடிச்சு மெயிலாக்கிவிடும். பதிலும் அதே வழியா வரும். தமிழ் எழுத்து போகாது, இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழை அடிக்கணும். வேகமோ ஆமை வேகம். பத்து வரி போறதுக்குள்ள சிக்னல் செத்துரும். அதனால யாரு என்ன சொன்னாலும் வெட்டிச் சுருக்கிருவேன். அதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

சும்மா கிடந்த கம்பி

கம்பி கட்டின புதுசு. ஒரு நாள் ரேடியோ மக்கர் பண்ணுது. காலையிலருந்து ஒவ்வொரு வயராப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுறேன், ஒண்ணும் ஆகல. கடைசியில மாடிக்குப் போய்ப் பார்த்தா, பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அக்கா என் ஆன்டெனாவுல நாலு ஈரச் சேலையையும் மகன் மாரியோட நீல லுங்கியையும் விரிச்சுப் போட்டிருக்கா. பூக்கடை வச்சிருக்கிறவ, ரெண்டு வீட்டுக்கும் ஒரே மொட்டை மாடி. கம்பி வயிறு தள்ளித் தொங்குது.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கத்தித் தீர்த்தேன். அந்தக்கா அசரணுமே!

"இம்புட்டு நீளக் கம்பி சும்மா கிடக்கேன்னு போட்டேன் டீச்சர். மெயில் காயப்போடுத கம்பின்னு ஒரு போர்டு எழுதி மாட்டக் கூடாதாக்கும்?"

ஆசீர்வாதம் கனக்குமா?

அப்புறம் ஒரு கார்த்திகையில மழை கொட்டித் தீர்த்துச்சு. மூணு நாள் கரண்ட் இல்ல, போன் இல்ல, நெட் இல்ல. என் ரேடியோ மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரியில ஓடுச்சு. இந்த மாதிரி ஆபத்து நேரத்துல அடுத்தவங்க சேதியையும் அனுப்பலாம். டீச்சர் வீட்டு மாடியில மெயில் போகுதாம்னு தெரிஞ்சதும் படிக்கட்டு பூரா ஈரச் செருப்பு.

கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து ஒரு அண்ணாச்சி பைக்கில நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. புனேயில இருக்கிற மகளுக்கு, கண்மாய் நிறைஞ்சதுல தொடங்கி மாடு கன்னு போட்டது வரைக்கும் ஒரு பக்கம் சொன்னாரு. நான் ரெண்டு வரியாக்கி வாசிச்சுக் காட்டினேன். தலையைத் துவட்டிக்கிட்டே கேட்டாரு.

"அது சரி தாயி. பேரனுக்குச் சொன்ன ஆசீர்வாதத்தையும்லா வெட்டிட்டே, அது என்ன அம்புட்டுக் கனமாவா இருக்கு?"

எப்ப எடுக்காங்க?

அன்னைக்கே சண்முகத்தாய் அக்காவும் வந்தா. அவ வீட்டுப் பின்சுவர் மழையில விழுந்திருந்துச்சு, ஆளுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குப் பயம் சுவரைப் பத்தி இல்ல, மாரியைப் பத்தி. நாலு வருஷம் அலைஞ்சு தோஹாவுல வேலை கிடைச்சுப் போயி ஒரு மாசம்தான் ஆகுது. ஆறு மாசத்துக்குள்ள ஊருக்குப் போனா திரும்பி வரவே வேண்டாம்னு கம்பெனியில கறாராச் சொல்லியிருக்காங்க. டிவியில வெள்ளத்தைப் பார்த்துட்டுக் கிளம்பிருவான்னு அவளுக்குப் பதைப்பு. "நான் நல்லா இருக்கேன்னு அவனுக்கு உறைக்கிற மாதிரி எழுதுங்க டீச்சர்"னு கால் மணி நேரம் சொன்னா. நான் வழக்கம்போல வெட்டி அனுப்பினேன்: "அம்மா நலம். பயப்படாதே. நீ வர வேண்டாம்."

மறுநாள் காலையில பதில் வந்துச்சு. "டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. அம்மாவை எப்ப எடுக்காங்க? நான் வாற வரைக்கும் வச்சிருங்க. சாயங்காலம் பிளைட்."

நம்ம ஊர்ல சேதி சுருக்கமா வந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அவசரத்துல அந்தப் பிள்ளையைச் சாவு வீட்டுக்குக் கிளப்பிவிட்டுட்டேன். வாசிச்சுக் காட்டினதும் அந்தக்கா தலையில அடிச்சுக்கிட்டா.

"நான் இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்னை எப்ப எடுக்காங்கன்னு கேக்கானே, பாவிப்பய!"

வெட்டாத மெயில்

இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட்டு எரியுது. பெரிய மெயிலா ஒண்ணு போகும், அதுக்கு மேல தாங்காது. "எக்கா, உன் இஷ்டத்துக்குப் பேசு"ன்னேன். அவ பேசினா. ஒரு வார்த்தை விடாம அடிச்சேன்.

"ஏலே மாரி, மூதேவி, செத்தவளா உன்னை இப்படி ஏசுதேன்? சுவருதான் விழுந்துச்சு, நான் விழல. புரோட்டாவாத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிடாத. நீ போட்டுட்டுப் போன நீல லுங்கியை டீச்சர் கம்பியிலதான் காயப்போட்டேன், மழையில எடுக்க மறந்துட்டேன், அது இன்னும் அங்கனதான் தொங்குது. இதை நீ டீச்சர்ட்ட சொல்லாத."

அடிச்சுக்கிட்டிருந்த நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவ ஜன்னலைப் பார்த்தா. ஓடிப்போய் லுங்கியை எடுத்துட்டு வந்து மெயிலை அனுப்பினேன். பாதியில அறுந்துச்சு. மறுபடி. திரும்பவும் அறுந்துச்சு. மூணாவது தடவை கர்ர்னு பதினோரு நிமிஷம். போயிருச்சு.

மத்தியானம் மிச்சம் இருந்த சார்ஜுல ரேடியோவைப் போட்டேன். பதில் காத்துக்கிட்டு இருந்துச்சு. வாசிச்சுக் காட்டினேன். அந்தக்கா ஈர லுங்கியை மூஞ்சியில வச்சுக்கிட்டு அழுதா, சிரிச்சா.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேம்மா. முதல்ல அந்த லுங்கியைக் கம்பியிலருந்து எடு, டீச்சர் ஏசுவாங்க."

இப்ப மாரி தினமும் வீடியோவுல வந்து அம்மாகிட்ட ஏச்சு வாங்குறான், கம்பியில சேலைதான் காயுது, நானும் ஒண்ணும் சொல்றதில்ல. யாராவது படியேறி வந்து கால் மணி நேரம் வளவளன்னு பேசி டைப் அடிக்கச் சொல்ல மாட்டாங்களான்னு ஏங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்.