வசந்தா விட்டுப்போன நான்கு வளைவுகள்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் தையல் கூட்டத்துக் கமலாவின் போன் வந்தபோது நான் தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, வசந்தாக்கா போயிட்டாங்க" என்றாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்களே, இரண்டு நாள் முன்னால்தானே பார்த்துவிட்டு வந்தேன் என்று அவளோடு சண்டைக்குப் போனேன், என்னவோ அவள்தான் பொய் சொல்கிற மாதிரி. கமலா அழுதுகொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கட்டிலின் மேல் வசந்தாவின் துணிப்பை. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மகள் நித்யாவுக்காக துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அவள் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப்போர்வை அதற்குள் இருந்தது. எல்லாம் முடிந்து நான்கு வளைவுகள் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அதை நீ முடித்துக் கொடு என்று என்னிடம் கேட்டிருந்தாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். இந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை.

சமுதாயக் கூடத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் கூடித் தைத்த நம் ஐந்து பேரில் மிச்சமிருக்கும் நாலு பேருக்கும் வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குள்ளஞ்சாவடிக்காரி. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தின் நில அளவைப் பிரிவில் உட்கார்ந்து வரைபடங்களை வரைந்தவள். ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவள். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பாள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்கு வளைவு என்றால் ஆகாது. சதுரமும் முக்கோணமும் சொன்ன பேச்சைக் கேட்கும். வளைவில் ஒரு துண்டு உள்ளே குழிந்திருக்கும், இன்னொரு துண்டு வெளியே புடைத்திருக்கும். இரண்டையும் விளிம்போடு விளிம்பு வைத்தால் ஒன்று இங்கே இழுக்கும், மற்றது அங்கே போகும். பலவந்தமாகத் தைத்தால் சுருக்கம் விழும். அதனால் பல வருஷம் நாம் கட்டம் கட்டமாகவே தைத்துக்கொண்டிருந்தோம். செல்போனில் வளையங்களைக் கோத்த மாதிரி ஒரு போர்வையைப் பார்த்தால் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவோம்.

வசந்தா ஒருநாள் தள்ளவில்லை. ஆபீஸில் வரைபடம் வரையும் தன் பழைய வளைவு அளவுகோலைக் கொண்டுவந்து அட்டையில் வரைந்து வெட்டினாள். குழிந்த துண்டை மேலே வைத்து, நடுவில் ஒரு குண்டூசி, முனைக்கு ஒன்றாக இரண்டு குண்டூசி, அவ்வளவுதான் குத்தினாள். "மொத்த வளைவையும் பாத்தா பயமாத்தான் இருக்கும். ஊசி எங்க இருக்குதோ அத மட்டும் பாரு. பயந்துகினு இருந்தா துணி தானா ஒட்டிக்குமா?" என்றாள். அவளுடைய முதல் வளைவு பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு நின்றது. ஒன்பதாவது வளைவு அடங்கிப் படுத்தது. அன்று அவள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மற்ற மூன்று பேரும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். நான் கற்றுக்கொள்ளவில்லை. என் வளைவுகளை அவளே போட்டுத் தருவாள், அவள் போர்வையின் ஓரங்களை நான் மடித்துத் தைத்துத் தருவேன். இது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

அவளைத் தெய்வமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. நாம் தைத்தது பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் கொள்ளாமல் பாதி பிளேடை எடுத்துச் சரசரவென்று பிரித்துவிடுவாள். என் போர்வையில் ஒரு முழு வரிசையை அப்படிப் பிரித்தாள். மூன்று வாரம் நான் அவளோடு பேசவில்லை. நாலாவது வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிரிச்சது தப்புதான். ஆனா வரிசை கோணலாத்தான் இருந்திச்சி" என்றாள். மன்னிப்புக் கேட்பதில்கூட அவளுக்கு அளவு பிசகாது.

என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் அவருடைய நான்கு சட்டைகளை வைத்துப் போர்வை தைக்கலாம் என்று துணிந்தேன். இலை வடிவம். ஒவ்வொரு இலைக்கும் இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று வேண்டும். நான் நான்கு சட்டைத் துணியையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி ஒரே அட்டையை வைத்து வெட்டிக்கொண்டே போனேன். முடித்துப் பரப்பினால் அத்தனையும் வலது பாதி. இடது பாதி ஒன்றுகூட இல்லை. வேறு துணியும் இல்லை, சட்டைக்காரரும் இல்லை. துண்டுகளை அப்படியே வாரிக்கொண்டு வசந்தா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் திட்டவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தாள். துண்டுகளில் பாதியை உள்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டால் இடது பாதி கிடைத்துவிடும் என்றாள். மூன்று சட்டைகள் கட்டம் போட்டவை, இரண்டு பக்கமும் ஒன்றுதான். நாலாவது பூப்போட்ட சட்டை. திருப்பினால் வெளுப்பாகத் தெரியும். அது அசிங்கமாக இருக்குமே என்று நான் அழுதேன். "உள்பக்கந்தான் சரசு அவரு ஒடம்புல பட்ட பக்கம். அது மேல இருக்கட்டும்" என்றாள். இன்றைக்கும் அந்தப் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவள் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. முகம் ஊதியிருந்தது. பையை என் பக்கம் நகர்த்தி, "நாலு வளைவு பாக்கி சரசு. கை நடுங்குது. நீ போட்டுடு" என்றாள். "எனக்கு அதெல்லாம் வராது. நீயே எழுந்து வந்து போடு" என்றேன். அவள் பையின் வாயை மடித்துவிட்டாள். பிறகு, "சரி, பையை எடுத்துக்கினு போ. இங்க இருந்தா அழுக்காயிடும்" என்றாள். மறுபடியும் கேட்கவில்லை. நான் போர்வைக்கு மருதாணிக் கலரில் ஓரம் வைக்கலாமா என்று என்னவோ பேசிவிட்டுப் பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பையை நித்யாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடைய அப்பா வழி உறவுப் பெண் ஒருத்தி, செத்தவங்க பாதியில விட்ட துணி கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது, அதுவும் ஒட்டுத்துணி என்றாள். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். சேலை வாங்கிக்கொள்ளலாம், இதை ஆற்றில் விட்டுவிடலாம் என்று பேச்சுப் போனது. நித்யா பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். "எங்கம்மா எனக்குத் தச்சது. இதப் போத்திக்கினுதான் நான் அந்த வூட்டுக்குப் போவேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்க முடிச்சிக் குடுங்க" என்றாள்.

சரிம்மா என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல்.

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்தேன். முதல் வளைவை ஆறு தடவை பிரித்தேன், ஊசி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தைத்ததில் ஏழாவது தடவை அடங்கியது. கண்ணீர் விழுந்து துணி நனைந்தால் விளிம்பு இளகும், அதனால் அழுகை வரும்போதெல்லாம் எழுந்துபோய் அழுதுவிட்டு வந்து தைத்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் சுருக்கமில்லாமல் அடங்கிப் படுத்தன. நாலாவதில் ஒரு சின்னச் சுருக்கம் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். போர்வை இப்போது நித்யாவிடம் இருக்கிறது.

வசந்தாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது வளைவு போடத் தெரிந்த இந்தக் கைதான். நமக்குச் சனிக்கிழமைகள் இன்னும் வரும், நான்கு பேரும் கூடுவோம், யாருக்கு வளைவு வராவிட்டாலும் நான் போட்டுத் தருகிறேன். ஆனால் அவள் போகும்போது, சரசுவுக்கு இன்னும் வளைவு என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பாள். அது அப்படியில்லை வசந்தா. சரி என்று நான் தலையாட்டினால் நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரமாட்டாய் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றைக்கு எனக்கு அந்தப் பயம்தான்.