பூஜைக்கு வந்த பில் புத்தகம்

அப்பாவின் முதலாளியை மாட்டிவிட்டது நான்தான். யாரிடம் என்றால், அப்பாவிடம்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில், கசார்வாடியில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் அப்பா கணக்கர். முதலாளியைச் சேட் என்போம். அம்மாவின் ஆபரேஷனுக்குக் கேட்காமலே பணம் கொடுத்து, அதைத் திருப்பியும் கேட்காத மனிதர். தீபாவளி லட்சுமி பூஜையன்று மாலை, பட்டறை ஆபீசில் கணக்குப் புத்தகங்களை அடுக்கிவைத்துப் பூஜை செய்வார்கள். அந்த வருஷம் புத்தகங்களுக்குக் குங்குமம் வைக்கும் வேலையை, பத்து வயதுப் பெரிய மனுஷியான என்னிடம் கொடுத்தார் சேட்.

எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜையில் ஒரு புத்தகம்கூட விட்டுப்போகக் கூடாது. கிழிந்த அட்லஸுக்கும் பொட்டு உண்டு. அந்தப் பழக்கதோஷம். தீப்பெட்டி எடுக்க சேட்டின் மேஜை டிராயரைத் திறந்தபோது ஒரு பில் புத்தகம் தனியாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கொண்டுவந்து அடுக்கின் மேலே வைத்துக் குங்குமமிட்டேன்.

அப்பா அதை எடுத்துப் புரட்டினார். அவர் எழுதிய பில்களில் இருந்த அதே எண்கள், ஆனால் வேறு சரக்கு, வேறு பெயர்கள். அந்தச் சரக்கெல்லாம் வரி கட்டாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. மாதாமாதம் வரி ஆபீசுக்குப் போகும் கணக்கில், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுகிறவர் அப்பா. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று நான் பார்த்தது, சேட் நீட்டிய பேடாவை அப்பா வாங்காததைத்தான்.

சேட் கோபப்படவில்லை. கெட்டிக்காரப் பெண் என்று என் கன்னத்தைத் தட்டி, அப்பாவின் பேடாவையும் எனக்கே கொடுத்தார். நான் பூரித்துப்போனேன்.

பிறகு இருவரும் தனியாகப் பேசியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட முடியாது என்று அப்பா சொல்ல, அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சேட் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். வீட்டில் சமையலறைக்குள் பேச்சு தாழ்ந்த குரலிலேயே நடந்தது. "என்னைப் பொழைக்க வச்சவருங்க அவரு," என்று அம்மா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மாதக் கணக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா என்னை வெளியே கூட்டிப்போய், நான் கேட்காமலே வடாபாவ் வாங்கித் தந்தார்.

"நாம நம்ம ஊருக்கே, மாயவரத்துக்கே திரும்பிப் போயிடலாமா பாப்பா?" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. டிசம்பரில் பள்ளியில் கேதரிங், அதாவது ஆண்டு விழா. அதில் ஆடும் மீனவர் நடனமான கோளி நடனத்தில் முன்வரிசை இடத்தை முட்டிமோதி வாங்கியிருந்தேன்.

"நான் வரமாட்டேன்ப்பா. நீங்க வேணா போங்க."

அப்பா சிரித்தபடி என் வாயோரம் ஒட்டியிருந்த சட்னியைத் துடைத்துவிட்டார். மறுநாள் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெறும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. மாதத்தில் அந்த ஒருநாள் மட்டும் வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அம்மா ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போகலாம் என்று வீட்டில் ஒருவராவது சொல்ல வேண்டும் என்றுதான் அவர் என்னிடம் வந்திருக்கிறார். வடாபாவ் தின்றுகொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.