ஜெயக்கொடி மெஸ்ஸில் ஐஸ் கிடையாது

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஸ் வைத்தவர்கள் பலர்; நிலைத்து நின்றவள் ஜெயக்கொடி ஒருத்திதான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் லேத் பட்டறைக்காரனைக் கை நீட்டச் சொல்லி, நகத்தைத் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் இலை போடுவாள். அந்த அதிகாரம் அங்கே எந்த முதலாளிக்கும் இருந்ததில்லை.

அது சும்மா வந்த அதிகாரமா? பல்லாவரத்தில் தோல் கிடங்கில் வேலை பார்த்த அவள் கணவன் சிட்டிபாபு, கண்ட இடத்தில் தின்று காமாலையில் விழுந்தான். கண்ணெல்லாம் மஞ்சள், பிழைப்பானா என்றே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே அவள் முடிவு கட்டினாள்: உழைக்கிறவன் வயிற்றைக் கெடுக்காத சோறு இந்தப் பக்கத்தில் ஒரு இடத்திலாவது கிடைக்க வேண்டும், அதைத் தானே போட வேண்டும். தொண்ணூறுகளில் எஸ்டேட்டில் ஷெட்டுகள் எழும்பியபோது ஓலைக் கொட்டகை போட்டு ஆரம்பித்தும் விட்டாள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அண்டாவுக்குப் போகும். அண்டாவுக்குள் யாராவது டம்ளரை விட்டு மொண்டால் கை மேலேயே அடி விழும். அதற்கென்று நீளக் கைப்பிடி வைத்த மொள்ளும் குவளை தொங்கும். மீந்த சாம்பார் மறுநாள் பந்திக்கு வராது. வாசலில் சோப்பு. கிரீஸ் கையோடு வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

"இன்னாக்கா, சோறு துன்ன வந்தமா, ஆப்ரேசன் பண்ண வந்தமா?"

"துன்னுட்டு ஆப்ரேசனுக்குப் போவாம இருக்கத்தான்யா கழுவச் சொல்றேன். வெரல் இடுக்குல நல்லாத் தேய்."

தன் மெஸ்ஸில் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் ஒருத்தனும் கிடையாது என்று மார்தட்டுவாள். அது உண்மையும்கூட, ஒரு வருஷத்துக் கத்திரி வெயில் வரும்வரை.

தகர ஷெட்டுக்குள் வெந்து வந்தவர்கள் ஜில்லென்று மோர் கேட்டார்கள். ஜெயக்கொடிக்கு மனசு கேட்கவில்லை. ஐஸ் பார் வாங்கி, கோணியில் சுற்றி உடைத்து, மோர் அண்டாவில் போட்டாள். சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக வாந்தி, பேதி என்று படுத்தார்கள். அவளே வீடு வீடாகப் போய், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துவிட்டு வந்தாள். அப்படியும் பழி அவள் தலையில்தான் விடிந்தது.

மெஸ்ஸின் பாதிச் சோறு ஒரே கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் சூப்பர்வைசர் வேதசிரோமணி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா பாதி லேத் நிக்குது. திங்கட்கிழமையிலேருந்து கூட்ரோடு மெஸ்ல சாப்பாடுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

அவர் போனதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சோறு போனால் போகட்டும், பெயர் போனால் எங்கே போய் வாங்குவது? அடுப்பு, அண்டா, கரண்டி, துணி என்று ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்தாள். எதிலும் குறை இல்லை. எதிரே சிட்டிபாபு உட்கார்ந்து நிதானமாக மோர் சோறு தின்றுகொண்டிருந்தான். காமாலை கண்ட வயிறு; முதலில் விழ வேண்டியவனே அவன்தான்.

"எல்லாரும் துன்ன சோறுதானே நீயும் துன்ற. உனுக்கு மட்டும் எப்பிடியா ஒண்ணும் ஆவல?"

"நான் இன்னா உன் ஐஸ் மோரா குடிக்கிறேன்? பல்லு கூசுதுன்னு ஐஸ் போடறதுக்கு முன்னாடியே மொண்டு வச்சிக்கிறேன்."

ஜெயக்கொடி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நேராகச் சாலைக்குப் போய், மீன்பாடி வண்டியில் ஐஸ் கொண்டுவரும் குப்புராஜை மடக்கினாள். இந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்டாள்.

"ஐய, ஏரித் தண்ணிக்கா. மீனுக்குப் போடற ஐஸு. நீயும் மீனுக்குத்தான் வாங்கறேன்னு இருந்தேன்."

கொதிக்க வைத்த தண்ணீருக்குள் கொதிக்காத தண்ணீரைக் கட்டியாகப் போட்டிருக்கிறாள். குளிர்ந்து கிடந்ததால் அது தண்ணீர் என்பதே புத்தியில் ஏறவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் சத்தம் காட்டாமல் ஐஸை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். ஜெயக்கொடி அன்று மதியமே கம்பெனி கேட்டுக்குப் போனாள். வேதசிரோமணியும் ஆட்களும் நிற்க, நிமிர்ந்து நின்றே நடந்ததைச் சொன்னாள். பிறகு, "கூட்ரோடுக்குத் தாராளமாப் போங்க சார். ஆனா அங்க ஐஸ் எங்கேருந்து வருதுன்னு கேட்டுட்டு அப்புறம் குடிங்க," என்றாள்.

வேதசிரோமணி போய்க் கேட்டார். அங்கேயும் குப்புராஜ் வண்டிதான்.

திங்கட்கிழமை ஜெயக்கொடி மெஸ் வாசலில் சுண்ணாம்பால் எழுதிய பலகை தொங்கியது: ஐஸ் கிடையாது. உள்ளே ஈர மணலில் மண்பானைகள், வாய்க்கு மூடி. மோர் முன்புபோல ஜில்லென்று இல்லை என்று முணுமுணுத்தவனுக்கு, வேண்டுமானால் ஏரிக்குப் போய்க் குடி என்று பதில் கிடைத்தது.

பந்தி தொடங்கும் நேரத்துக்கு வேதசிரோமணி தன் ஆட்களோடு வந்தார். சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். யாரும் கேட்காமலே, நகம் தெரியும்படி இரண்டு கையையும் ஜெயக்கொடி முன்னால் நீட்டினார்.

அவள் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இலை போட்டாள்.