தேய்ந்த வால்வு

தொலைதூரத்தில் இருப்பவர்களோடு பேச நண்பர் வைத்திருந்த பழைய ஹாம் ரேடியோவைச் சுத்தம் செய்வதாக வாங்கி, அதில் குரலுக்கு வலுவூட்டும் நல்ல கண்ணாடி வால்வைத் திருடிக்கொண்டு என் ரேடியோவின் தேய்ந்த வால்வைச் செருகினேன். அது எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் அவர். கொழும்பு வரை எட்டிய அவர் குரல் பிறகு சேலத்தையே தாண்டவில்லை.

"பவரே ஏற மாட்டேங்குதுங்க சார், என்னான்னு பாருங்க" என்று வந்தார்.

"துணி அளக்கற கைக்கு இதெல்லாம் எதுக்குங்க பாய்? ஏரியலைச் சரியாக் கட்டுங்க" என்று சிரித்தேன். நான் படித்த இயற்பியல் இந்த அற்பத்தனத்துக்குத்தான் உதவியது. அவர் வெயிலில் கூரையேறி ஏரியலை மாற்றி மாற்றிக் கட்டினார்.

சில வருடங்கள் கழித்து, வால்வைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"அப்ப என் ஏரியல்ல கொறையே இல்லைங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை அவர் குரல் என் ரேடியோவில் பலமாகக் கேட்டது. அழைத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர், எனக்குச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.