அம்மாவின் அங்கியை இழுத்தது யார்?

“நாலெழுத்துப் படிச்சுப்போட்டா அம்மாவோட தாலியவே கழட்டச் சொல்லுவியா அம்மணி?” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான், விடவில்லை; உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதென்று கழற்ற வைத்தேன். அம்மாவின் மார்புக்கட்டி சாதாரணமானதா, புற்றா என்று அதனுள் நீர் அசைவதை வைத்துக் கணிக்கும் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தக் கருவிப் பரிசோதனைக்காகக் கோவை வந்திருந்தோம்.

மருத்துவமனை அங்கியோடு பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்த அம்மா, “உள்ள யாரோ அங்கியப் புடிச்சு இழுத்தாங்க கண்ணு” என்றாள். படத்தில் கட்டி இருந்த இடம் கருங்குழியாகத் தெரிந்தது. அங்கியைத் தடவினேன். உள்மடிப்பில் ஓர் ஊக்கு.

“தாலியில்லாத ஒடம்பாச்சே, காத்துக்கருப்பு அண்டாம இருக்க இரும்பு வெச்சேன்” என்றாள் அம்மா.

படத்தைக் கெடுத்த ஊக்கை எடுத்தபின் மீண்டும் பதிவான படத்தில், அதே இடத்தில் கட்டி வெள்ளையாக ஒளிர்ந்தது. உள்ளே நீர் அசையவில்லை, புற்றாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

இப்போதெல்லாம் பரிசோதனைக்கு முன் அம்மாவின் உடையை நானே தடவிப் பார்த்துவிடுகிறேன். புற்றுதானா என்று உறுதிசெய்ய, நேற்று பயாப்சிக்குக் கட்டியிலிருந்து துணுக்கும் எடுத்தாகிவிட்டது.